இருபத்தொரு மலைக்குணங்கள்

மனிதருக்குத் தம்மிடம் இல்லாத திறமையின் மேல்தான் ஆசை. ஒருவருக்குப் பாட வரவேண்டும், ஒருவருக்கு நீந்த வரவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியருக்கு விசிலடிக்க வரவில்லையே என்ற ஏக்கம் ஓய்வு பெறும்வரை தீரவில்லை. வெள்ளிமலைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் சாமை விதைத்துப் பிழைத்த இருசப்பனின் ஆசை இவற்றைவிடச் சிறியது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் நின்று ஒரே ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்ல வரவேண்டும், அவ்வளவுதான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேயும் மாட்டை இந்தப் பக்கம் நின்றே கூப்பிடும் குரல் அவருடையது. நாற்காலியைக் கண்டால் மட்டும் அது வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்தக் குறை மகளுக்கு வரக்கூடாது என்றுதான் பாரதியைப் படிக்க வைத்தார். பேன்ட் போட்ட யாரைக் கண்டாலும் அவள் புதருக்குப் பின்னால் ஒளிந்த வயதில், கையைப் பிடித்து இழுத்து வந்து, "பேரு இன்னான்னு கேக்கறாங்க, சொல்லு" என்று நிறுத்தியவர் அவர்தான். அவள் சொல்லக் கற்றுக்கொண்டாள். எண்பத்தேழாம் வருடம் பிளஸ் டூ தேறினாள். கடலூரில் நர்ஸ் படிப்புக்கு இடமும் கிடைத்தது. வந்த கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குள் மலைவாசிச் சான்றிதழோடு வரவேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு.

அது இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சியால் ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்த வருடம். சமவெளிக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் மலைவாசி ஆகிவிடுவார்களோ என்று யாரோ ஒரு பெரிய அதிகாரிக்குத் தூக்கத்தில் தோன்றி, கள்ளக்குறிச்சியில் 'மலைக்குண ஆய்வுத் தனிப்பிரிவு' என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். தஸ்தகீர் பாயின் கடுக்காய் மண்டிக்கு மேலே மாடியில் இரண்டு அறை, மூன்று நாற்காலி, ஒரு பீரோ. பீரோவுக்குள் பட்டியல்.

பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நூறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் மலைக்கு வந்து நான்கு நாள் தங்கினாராம். அதில் இரண்டு நாள் குளிர் காய்ச்சலில் படுத்திருந்தார். மிச்ச இரண்டு நாளில் தன் கண்ணில் பட்ட குணங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். அதைத்தான் தமிழாக்கி, எண் போட்டு, மலைவாசிக்கு உரிய இருபத்தொரு குணங்கள் என்று தனிப்பிரிவு கையாண்டது. மரம் ஏறுதல், வெறுங்கையால் தேன் எடுத்தல், பொய் சொல்லத் தெரியாமை என்று போகும். பதினேழாவது, கொள்ளின் மேல் மிகுந்த பிரியம். பதினெட்டாவது, வெடிச்சத்தம் கேட்டால் காது விறைத்தல். இவை இரண்டும் துரையின் குதிரையைப் பற்றி எழுதியவையாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆனால் அரசாங்கப் பட்டியலில் ஏறிய பிறகு குதிரையாவது மனிதனாவது. தேற வேண்டுமானால் பதினான்கு குணமாவது இருக்கவேண்டும்.

அப்பாவும் மகளும் ஆகஸ்டு கடைசியில் மலை இறங்கி வந்தார்கள். இருபது வருடமாக இருசப்பனிடம் கடுக்காய் வாங்கும் தஸ்தகீர் பாய் மண்டி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா இருசப்பா, மாடிக்கா? மேல போனவன் எவனும் சிரிச்சிக்கினு எறங்கி நான் பாத்ததில்லப்பா. பொண்ண கம்மியாப் பேசச் சொல்லு. பேச்சு ஜாஸ்தியானா அதுக்கும் ஒரு நம்பரு வெச்சிருக்காங்க."

மாடியில் தனி அலுவலர் தனசேகரன் இருந்தார். பக்கத்தில் படிவமும் பென்சிலுமாகப் பியூன் பிச்சைமுத்து. முப்பது வருட சர்வீசில் சொன்னதைச் சொன்னபடி செய்தவர் என்று பெயர் எடுத்தவர்.

"இந்த விண்ணப்பத்தை யாரும்மா எழுதினது?" என்றார் தனசேகரன்.

"நான்தாங்க சார். சொந்தக் கையாலதான் எழுதணும்னு மேல போட்டிருக்குதுங்களே."

"அதையும் படிச்சிட்டியா? பிச்சைமுத்து, பதிமூணு."

பிச்சைமுத்து பதின்மூன்றாவது குணத்துக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டார். எழுத்தைக் கண்டால் மிரளுதல்.

"சொந்தக் கையால எழுதலன்னா, சார்?"

"விண்ணப்பம் செல்லாது. சரி, எத்தனை மணிக்கு வந்தே?"

"பத்துக்குங்க. பத்துக்கு வரச் சொல்லி லெட்டர் வந்துச்சுங்க."

"கரெக்டா வந்துட்டே. பிச்சைமுத்து, ஏழு." ஏழாவது, நேரத்தைப் பற்றிய கவலையின்மை. "லேட்டா வந்திருந்தா ஆஜராகலைன்னு ஃபைலை மூடியிருப்போம். அது வேற விஷயம். மரம் ஏறுவியா?"

"ஏற மாட்டேங்க."

"தேன் எடுப்பியா?"

"தேனீன்னா பயங்க சார்."

"ஏம்மா, இப்படிப் பளிச்சுனு சொல்றே?"

"கேட்டீங்க, உண்மையச் சொன்னேங்க."

"ஆங். நாலுல ஒரு டிக் போடு பிச்சைமுத்து. பொய் சொல்லத் தெரியலை. பாவம், ஒண்ணாவது கிடைக்கட்டும்."

இருசப்பன் மடியிலிருந்து தன்னுடைய பழைய சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். பேச வாயைத் திறந்தார். நாற்காலி எதிரே இருந்தது. காற்றுதான் வந்தது.

"எங்கப்பாவுக்குக் குடுத்ததுங்க சார். மூத்த அண்ணனுக்கும் குடுத்திருக்காங்க" என்றாள் பாரதி.

"அப்பன் மலைவாசி, அதனால மகளும் மலைவாசின்றது யூகம்மா. அரசாங்கம் யூகத்துல நடக்க முடியாது." தனசேகரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உனக்குப் புரியணும்னு சொல்றேன். இந்தக் குணமெல்லாம் எப்பேர்ப்பட்ட குணம் தெரியுமா? இந்தப் பட்டியலைப் படிக்கறப்ப எனக்குக் கண்ணு கலங்கும். நேரக் கவலை இல்லாம இருக்கறது! காரணமே இல்லாமச் சிரிக்கறது! இதுல ஒண்ணாவது எனக்கு இருக்கக்கூடாதான்னு ஏங்கியிருக்கேன். பொய் சொல்லத் தெரியாமைன்னு ஒரு குணம் போட்டிருக்கு பாரு, அது மட்டும் எனக்கு இருந்திருந்தா இந்த உத்தியோகத்துல ஒரு மாசம் தாங்கியிருப்பேனா? அவ்வளவு உயர்ந்த குணம். அதைப் படிச்சுக் கிடிச்சு நீங்களே கெடுத்துக்கிட்டு, அப்புறம் இங்க வந்து சர்டிபிகேட் கேட்டா நான் என்ன பண்றது? சரி, உனக்காக நேர்ல வந்து பார்க்கறேன். பதினேழாம் தேதி கள ஆய்வு. குணத்தோட இரு."

மற்றக் குணங்களையும் சேர்த்து அப்போதைய கணக்கு ஐந்து டிக். தேற ஒன்பது குறைந்தது.

மூன்று வாரம் ஊரே சேர்ந்து பாரதிக்கு மலைக்குணம் கற்றுக்கொடுத்தது. முதலில் மரம். ஊரில் இருப்பது பலா மரங்கள். பலா அடிமரத்திலேயே காய்க்கும், நின்ற இடத்திலிருந்து பறித்துக்கொள்ளலாம். அதனால் அந்த ஊரில் மரம் ஏற வேண்டிய வேலை யாருக்கும் வந்ததில்லை. பாரதி எட்டடி ஏறி, இறங்கத் தெரியாமல் அழுதாள். ஏணி வைத்து இறக்கினார்கள். தேன் எடுக்கத் தெரிந்த ஆள் இரண்டு மலை தள்ளி ஒருவர் இருந்தார். அவரும் புகை போட்டுத்தான் எடுப்பேன், வெறுங்கையால் எடுக்க நான் என்ன கரடியா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மா ரங்கம்மாள் கொள்ளு வறுத்துக் கொடுத்தாள். பாரதி பிரியமாகத் தின்று பழகினாள். அது ஒன்றுதான் ஒழுங்காக வந்தது.

கடைசியில் ஒளிவது. ஒன்பதாவது குணம், அந்நியரைக் கண்டால் ஒளிதல். இருசப்பன்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. "ஜீப்பு சத்தம் கேட்டதும் அந்தப் பொதருக்குப் பின்னால போயிடும்மா. தலையத் தூக்காத. நான் கூப்ட்டாக்கூட ஒடனே வந்துடாத" என்றார். அதே புதர். பதினான்கு வருடத்துக்கு முன் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்த அதே புதர். சொல்லி முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று போனவர், மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

பதினேழாம் தேதி காலை ஜீப் வந்தது. பாரதி ஒளிந்தாள். மூன்று வாரப் பயிற்சி வீண் போகவில்லை, அவ்வளவு நன்றாக ஒளிந்தாள். தனசேகரன் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "மனுதாரர் ஆஜரில்லைன்னு எழுது" என்றார். அவள் அலறியடித்துக்கொண்டு புதரிலிருந்து ஓடிவந்து, "ஆஜர் சார்!" என்றாள். ஓடி வந்து முன்னால் நின்றதால் ஒன்பதாவது குணம் பெருக்கல் குறியாயிற்று.

கொள்ளுக்கு மட்டும் டிக் விழுந்தது. காது விறைக்கிறதா என்று பார்க்கப் பிச்சைமுத்து அவள் பின்னால் போய் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். பாரதி திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். தனசேகரன்தான் ஒரு முழம் துள்ளினார். மதியத்துக்குள் நாற்பதாம் எண் போட்ட அவளுடைய படிவம் முடிந்தது. மொத்தம் ஆறு.

"வருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். ஒரு மணி நேரத்தில் அதே ஜீப் திரும்பி வந்தது. கீழே ஜில்லா முழுக்கச் சாலை மறியல். மலையடிவாரத்துக்கு முன்னாலேயே புளிய மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. உளுந்தூர்பேட்டையில் லாரி எதுவும் நகரவில்லை, ஒரு வாரத்துக்கு ஒன்றும் ஓடாது என்று கீழேயிருந்து நடந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

மலையில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட தனசேகரனுக்கு இருசப்பனின் வீட்டில்தான் இடம். சாமைச் சோறும் கொள்ளு ரசமும். முதல் நாள் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள், "ரங்கம்மா, அந்தக் கொள்ளு இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

தனிப்பிரிவுக்கு ஒரு விதி உண்டு. கள ஆய்வு நடக்கும் இடத்தில் தென்படும் குணம் எதையும் குறிக்காமல் விடக்கூடாது. விருப்பு வெறுப்பு கலந்துவிடக்கூடாது என்பதால் கள ஆய்வுப் படிவத்தில் எண் மட்டுமே இருக்கும், பெயரைப் பிறகு அலுவலகத்தில்தான் எழுத வேண்டும். நாற்பதாம் படிவம் முடிந்துவிட்டது. ஆனால் ஆய்வு நடக்கும் இடத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை. பிச்சைமுத்து யோசித்துப் பார்த்து, நாற்பத்தொன்றாம் படிவத்தை எடுத்து, கொள்ளுக்கு நேராக ஒரு டிக் போட்டார். முதல் நாள் வெடிக்கும் ஞாபகமாக ஒன்று போட்டார். விறைத்த காதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

நான்காம் நாள் கீழே பஸ் தெரிகிறதா என்று பார்க்கத் தனசேகரன் பலா மரத்தில் ஏறினார். உச்சிவரைக்கும் போனார். மரம் ஏறுதல், டிக். மேலே ஒரு பொந்தில் கொசுத்தேன் இருந்தது. கொசுத்தேனீ கொட்டாது. விரலை விட்டு நக்கினார். அதுவும் டிக். அன்று சாயங்காலம் வழி தவறிய நாலைந்து பேர் ஊருக்குள் வந்து தண்ணீர் கேட்டார்கள். கிளர்ச்சிக்காரர்கள் என்று நினைத்துத் தனி அலுவலர் ஆட்டுக்கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டார். அவர்கள் போய் வெகுநேரம் கழித்தும் வெளியே வரவில்லை. பிச்சைமுத்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு ஒன்பதில் டிக் போட்டார்.

அடுத்த நாள் தனசேகரனுக்குக் காய்ச்சல். பாரதி வெள்ளிமலைக்கு நடந்து போய் அங்கிருந்த நர்ஸம்மாவைக் கூட்டி வந்தாள். ஊசியைக் கண்டதும் தனி அலுவலர் போர்வைக்குள் சுருண்டு, "வேணாம்மா, வேணாம்மா" என்று கத்தினார். பாரதிதான் அவர் கையை அழுத்திப் பிடித்து, "சின்ன ஊசிதாங்க சார், அந்தப் பக்கம் பாருங்க" என்று பேசிக்கொண்டே இருந்தாள். நர்ஸம்மா, "ஒனக்கு நல்லா வருதுடி. எப்போ கடலூர் போறே?" என்றாள். ரங்கம்மாள் குனிந்து அடுப்பை ஊதினாள். ஊசியைக் கண்டால் அலறுதலும் பட்டியலில் இருந்தது, பிச்சைமுத்து அதற்கு நேராக டிக் போட்டார்.

காய்ச்சல் விட்டபோது கடிகாரம் நின்றிருந்தது. தனசேகரனுக்கு என்ன கிழமை என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. ஒரு ஃபைல்கூட வராத வாரம் அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டு கோழியைப் பார்த்துச் சிரித்தார்.

இருபத்தைந்தாம் தேதி ரோடு திறந்தது. ஜீப்பில் இடம் இருந்தும் மனுதாரரை ஏற்றக்கூடாது என்று விதி இருந்ததால் இருசப்பனும் பாரதியும் பின்னால் பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் இருசப்பன் ஒரு வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். 'அந்தக் கொணமெல்லாம் எங்க வூட்ல உங்களுக்கு வந்ததுங்க, எம்பொண்ணு ஒங்களக் காப்பாத்துச்சு, அவுளுக்குச் சர்டிபிகேட் குடுங்க.' பஸ் சத்தத்தில் அது நன்றாகவே வந்தது.

மாடியில் தனசேகரன் நாற்காலியில் இருந்தார். சட்டை தேய்த்துப் போட்டு, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்திருந்தார். பிச்சைமுத்து இரண்டு படிவங்களையும் முன்னால் வைத்தார்.

"நாப்பது, ஆறு டிக்கு சார். நாப்பத்தொண்ணு, பத்தொம்போது டிக்கு. இதுக்குப் பேரு இன்னா போடறது சார்?"

"பத்தொன்பதா? இந்த ஆபீஸ்ல யாரும் பத்தைத் தாண்டினதில்லையே. யாருதுய்யா அது?"

"ஒங்குளுதுதான் சார். ரெண்டுதான் வுட்டுப் போச்சு. எழுத்தக் கண்டா மெரள்றது, அப்பறம் பொய் சொல்லத் தெரியாதது."

தனசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண் போட்ட படிவத்தைக் கிழிக்க முடியாது, அதற்கும் விதி இருந்தது. அவருடைய மகன் இன்ஜினியரிங் காலேஜுக்கு இரண்டு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது தனி அலுவலரின் முகம் தெளிந்திருந்தது.

"ரத்தத்துல இருந்திருக்கு. எனக்கே தெரியாம இருந்திருக்கு பார்" என்றார் மெதுவாக. "என் பேரையே போடு. கையோட பையனுக்கும் ஒரு சர்டிபிகேட் டைப் பண்ணிடு."

"பையனுக்கு ஆய்வு செய்யல சார்."

"எதுக்கு ஆய்வு? அப்பனுக்கு இருக்கறது பிள்ளைக்கு இல்லாமப் போயிடுமா?"

பாரதி மேசைக்கு அருகில் வந்தாள். "சார், எங்கப்பாவுக்கு இருக்கறது எனக்கு இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? திங்கக்கெழம பத்து மணிக்கு நான் கடலூர்ல இருக்கணும் சார். நீங்க படுத்துக் கெடந்தப்போ..."

"பாத்தியா பிச்சைமுத்து, அதிகாரி முன்னால எப்படிப் பேசுது? இது மலையில பொறந்து வளர்ந்த பொண்ணு பேசற பேச்சா?" அவர் இருசப்பனைப் பார்த்தார். "அப்பா என்ன சொல்றார்?"

இருசப்பன் வாயைத் திறந்தார். வாக்கியம் முழுதாக இருந்தது, ஒரு சொல்கூட மறக்கவில்லை. எதிரே நாற்காலி இருந்தது. அவருடைய உதடு இரண்டு தடவை அசைந்தது. மகள் திரும்பி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார், எவ்வளவு அடக்கம்!" என்றார் தனசேகரன். "இவர் மனுதாரரா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

மணி மூன்றுக்கு உத்தரவு டைப் ஆகி வந்தது. இரண்டு தாள். முதல் தாளில், மனுதாரர் பாரதி மலைவாசி அல்லர் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதாக இருந்தது. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள். இரண்டாம் தாள் நோட்டீஸ். மலைவாசி அல்லாத ஒருவர் மலையில் இத்தனை வருடம் வசித்துவருவது எப்படி என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். விளக்கத்துடன் மலைவாசிச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும், இணைக்காத விளக்கம் பரிசீலிக்கப்படமாட்டாது.

கீழே தஸ்தகீர் பாய் இரண்டையும் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். "நான் வேணா வந்து சொல்றேம்பா. இருவது வருசமா எனக்குத் தெரியும்னு சொல்றேன்" என்றார். பிறகு மாடிப்படியைப் பார்த்துவிட்டு, அவரே தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார். பாரதி குடிக்கவில்லை. தாளை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் வெள்ளிமலை பஸ்ஸுக்குப் போகவேண்டும். அவள் அந்தப் பஸ்ஸின் போர்டைப் பார்க்காமல் நடந்தாள். அப்பா பக்கமும் பார்க்கவில்லை.

ஒரு வாரமாக வண்டி இல்லாததால் வெள்ளிமலை பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. கண்டக்டர் வேர்த்து விறுவிறுக்க இருசப்பனிடம் வந்தார்.

"எங்க போவணும்?"

"ரெண்டு வெள்ளிமலை."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பாரதியைப் பார்த்தார். அவள் சேலையும் தோளில் பையும் பார்க்க எங்கோ வேலைக்குப் போகிற பெண் மாதிரி இருந்தது.

"இவங்களுமா? இவங்களும் மலைதானா?"

"மலைதான்யா!" என்றார் இருசப்பன்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாட்டைக் கூப்பிடும் குரல் அது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் ஓரடி பின்னால் நகர்ந்து ஒருவர் காலை மிதித்தார்.

"எம்பொண்ணு! அங்கதான் பொறந்துச்சு! அந்த மலையிலதான் பொறந்துச்சு! இன்னாய்யா கேக்கறீங்க எல்லாரும்? இன்னா கேக்கறீங்க?"

"டிக்கெட்டுக்குத்தான் பெரியவரே கேட்டேன்" என்றார் கண்டக்டர் பயந்துபோய். "கோவிச்சுக்காதீங்க. வழியில அடிவாரத்துல, கச்சிராயபாளையத்துல எறங்கறாங்களோன்னு நெனச்சேன்."

இருசப்பன் டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டார். எதிரே நாற்காலியில் யாரும் இல்லை, அந்த மனிதரும் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்.

"மன்னிச்சிக்குங்க" என்றார் இருசப்பன். அதைச் சொல்லும்போது குரல் பழைய இடத்துக்கே போய்விட்டிருந்தது.